பிரித்தானியத் தொலைக்காட்சியில் வட்டார நகைச்சுவை

ஒரு குறிப்பிட்ட நகரத்தின் அல்லது மாவட்டத்தின் பேச்சு, தொழில், குடும்ப வழக்கங்கள் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டு எழுதப்படும் நகைச்சுவைத் தொடர்கள் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தனி இடம் பெற்றவை. நியூகாசில், லிவர்ப்பூல், கிளாஸ்கோ, யார்க்சயர், தெற்கு வேல்ஸ், டெரி எனப் பல ஊர்களுக்கும் அவற்றுக்கே உரிய தொடர்கள் உண்டு. இவற்றில் சில, அந்த ஊரைப் பார்த்தே இராத மக்களிடமும் பெரும் வரவேற்பைப் பெற்றன. வேறு சில, நாடு முழுவதும் சிரிக்கப்பட்டபோது சொந்த ஊரில் மனத்தாங்கலை உண்டாக்கின. இன்னும் சில, சொந்த ஊரில் கொண்டாடப்பட்டும் எல்லை தாண்டப் பல ஆண்டுகள் காத்திருந்தன. ஒரே நகைச்சுவை இடத்துக்கு இடம் இவ்வாறு வேறுபட்டு ஏற்கப்பட்டதற்கு, பேச்சு புரிவதும் புரியாததும் மட்டும் காரணமல்ல. யாருடைய பேச்சு பொதுவெளியில் ஒலிக்கலாம், அதை எழுதுவது யார், ஒளிபரப்புவது யார் என்ற கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன.

மேடையும் வானொலியும்

தொலைக்காட்சி வருவதற்கு முன்பே பிரித்தானியாவில் நகைச்சுவை ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. பாட்டும் சிரிப்பும் கலந்த 'மியூசிக் ஹால்' மேடைகளில் கலைஞர்கள் தத்தம் வட்டாரப் பேச்சிலேயே பேசினர். லங்காசயரின் ராச்டேலில் பிறந்த கிரேசி ஃபீல்ட்ஸ், விகனில் பிறந்த ஜார்ஜ் ஃபோர்ம்பி ஆகியோர் 1930களில் திரைப்படங்களின் வழியாக நாடறிந்த நட்சத்திரங்களாயினர். ஆனால் அதே வட்டாரத்தின் மற்றொரு கலைஞரான ஃபிராங்க் ரேண்டிலின் நிலை வேறு. மான்செஸ்டரைச் சேர்ந்த மன்குனியன் நிறுவனம் எடுத்த அவருடைய படங்களுக்கு வட இங்கிலாந்தில் கூட்டம் திரண்டது. தெற்கே அவை பெரும்பாலும் எட்டவேயில்லை.

எதிர்த்திசையிலும் இதே நிலை இருந்தது. கிளாஸ்கோ நகரின் எம்பயர் அரங்கம், தெற்கிலிருந்து வரும் 'ஆங்கில நகைச்சுவையாளர்களின் இடுகாடு' என்று பெயரெடுத்திருந்தது. லண்டனில் கைதட்டல் வாங்கிய துணுக்கு அங்கே அமைதியையோ கேலிக் கூச்சலையோதான் வாங்கும் என்று கலைஞர்கள் அஞ்சினர்.

1922இல் தொடங்கிய பிபிசி வானொலி இந்த வேறுபாடுகளை ஏற்கவில்லை. உச்சரிப்பு குறித்து அறிவுரை கூற அது 1926இல் ஒரு குழுவை அமைத்தது. தெற்கு இங்கிலாந்தின் படித்த மேல்தட்டினர் பேசிய ஆங்கிலமே அறிவிப்பாளரின் ஆங்கிலம் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது யார்க்சயரின் ஹாலிஃபாக்சைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தப்பட்டார். அவருடைய வடநாட்டு உச்சரிப்பு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வட்டாரப் பேச்சைச் சிரிப்பு நிகழ்ச்சியில் கேட்கப் பழகியிருந்தவர்கள், அதே பேச்சில் போர்ச் செய்தியைக் கேட்கத் தயங்கினர். வட்டாரப் பேச்சு என்றாலே சிரிப்புக்குரியது என்ற இந்த எண்ணம் பின்வந்த தொலைக்காட்சித் தொடர்களையும் நெடுங்காலம் தொடர்ந்தது.

வட்டார உரிமங்கள்

1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் பிபிசியின் தனியுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1955 செப்டம்பர் 22 அன்று லண்டனில் தொடங்கிய ஐடிவி, விளம்பர வருவாயில் இயங்கியது. அது ஒரே நிறுவனமன்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி நிறுவனங்களுக்கு உரிமம் அளிக்கப்பட்டது. வட இங்கிலாந்துக்குரிய கிரனாடா 1956இல் மான்செஸ்டரிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1957இலும், வடகிழக்கு இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 1959இலும், யார்க்சயரில் 1968இலும் தனி நிறுவனங்கள் ஒளிபரப்பைத் தொடங்கின.

இந்த ஏற்பாட்டின் விளைவாக, லண்டனுக்கு வெளியேயும் படப்பிடிப்புத் தளங்களும் நிலையான வேலையும் உருவாயின. எழுத்தாளரும் நடிகரும் ஊரைவிட்டுப் போகாமலே பிழைக்க வழி பிறந்தது. கிரனாடா 1960 டிசம்பரில் தொடங்கிய 'காரனேஷன் ஸ்ட்ரீட்' இதற்குச் சான்று. அது குடும்பத் தொடரே ஆயினும், சால்ஃபர்டின் தொழிலாளர் தெருவை மாதிரியாகக் கொண்ட அதன் உரையாடலில் வடநாட்டுக் குத்தலும் சிரிப்பும் நிறைந்திருந்தன. தொடக்கத்தில் எல்லா வட்டார நிறுவனங்களும் அதை வாங்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே அது நாடு முழுவதும் ஒளிபரப்பானது, இன்றும் தொடர்கிறது. தெற்கே உள்ள பார்வையாளர் வடநாட்டுப் பேச்சை வாரந்தோறும் வீட்டில் கேட்டுப் பழகியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

சொந்த ஊர் பார்க்காத தொடர்

பிபிசியில் நிலைமை வேறாக இருந்தது. 1964இல் தொடங்கிய 'தி லைக்லி லாட்ஸ்' நியூகாசிலின் இரண்டு இளம் தொழிலாளர்களைப் பற்றியது. எழுதியவர்கள் டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே. இருவரில் லா ஃப்ரெனே வடகிழக்கைச் சேர்ந்தவர். கிளெமென்ட் தென்கிழக்கு இங்கிலாந்தினர். நடித்தவர்களில் ஜேம்ஸ் போலம் சண்டர்லாந்திலும் ராட்னி பியூஸ் யார்க்சயரிலும் பிறந்தவர்கள். நியூகாசிலின் 'ஜோர்டி' பேச்சு நாடு முழுவதற்கும் புரியும் அளவுக்கு இதில் மென்மையாக்கப்பட்டிருந்தது.

இத்தொடர் ஒளிபரப்பான பிபிசி 2 அலைவரிசை அந்த ஆண்டில்தான் தொடங்கியது. அதன் ஒளிபரப்பு அப்போது வடகிழக்கை எட்டவில்லை. ஆகவே, நியூகாசிலைப் பற்றிய தொடரை முதலில் லண்டன் சுற்றுவட்டாரமே பார்த்தது; நியூகாசில் பார்க்கவில்லை. பின்னர் பிபிசி 1இல் மறுஒளிபரப்பு ஆன பிறகே தொடரின் புகழ் பரவியது. 1973இல் வந்த இரண்டாம் தொடரில், ஒருவன் நடுத்தர வகுப்புக்கு ஏறப் பார்க்கிறான். மற்றவன் பழைய தெருவைவிட்டு நகர மறுக்கிறான். பழைய தெருக்கள் இடிக்கப்பட்டுப் புதுக் குடியிருப்புகள் எழுந்த காலம் அது. அந்த மாற்றத்தைப் பிரித்தானியாவின் எல்லாத் தொழில் நகரங்களும் கண்டிருந்தன. எனவே ஊர்ப்பெயர் தெரியாதவர்களுக்கும் கதை அயலாகத் தோன்றவில்லை.

ஒரே குடிலில் பல பேச்சுகள்

அதே எழுத்தாளர்கள் 1983இல் ஐடிவிக்கு 'ஔஃப் வீடர்சேன், பெட்' என்ற தொடரை எழுதினர். தலைப்பின் முற்பகுதி ஜெர்மன் மொழியில் விடைபெறும் சொல். 'பெட்' என்பது வடகிழக்கு இங்கிலாந்தில் அன்பாக விளிக்கும் சொல். தமிழில் 'கண்ணு' என்பது போன்றது. பிரித்தானியாவில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தொட்டிருந்த அக்காலத்தில், கட்டடத் தொழிலாளர்கள் ஏழு பேர் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகருக்கு வேலை தேடிப் போகின்றனர். மூவர் நியூகாசில்காரர்கள். மற்ற நால்வரும் பர்மிங்காம் பகுதி, லண்டன், பிரிஸ்டல், லிவர்ப்பூல் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். எழுவரும் கட்டுமானத் தளத்தின் ஒரே மரக்குடிலில் தங்குகின்றனர்.

வட்டார நகைச்சுவை எல்லை தாண்டும் வழிகளில் ஒன்றை இத்தொடர் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பிடிபடாதபோது கதைக்குள்ளேயே ஒருவர் விளக்கம் கேட்கிறார். மற்றொருவர் கேலி செய்கிறார். பார்வையாளருக்கும் அந்த விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு வட்டாரத்தாருக்கும் திரையில் தம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வேலையின்மை என்ற பொதுத் துன்பம் எழுவரையும் இணைத்ததால், எந்த ஊரும் தனித்துக் கேலிக்குள்ளாகவில்லை.

லிவர்ப்பூலின் மனத்தாங்கல்

லிவர்ப்பூல் 1980களில் துறைமுக வேலையும் ஆலைகளும் குறைந்து கடும் வறுமையைச் சந்தித்தது. ஆலன் பிளீஸ்டேல் எழுதிய 'பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்' 1982இல் வெளிவந்தது. வேலையிழந்தவர்களைப் பற்றிய அந்த நாடகத்தில் கசப்பான சிரிப்பு கலந்திருந்தது. லிவர்ப்பூலில் பிறந்த எழுத்தாளர், லிவர்ப்பூல்காரர்களின் மானத்தைக் கதையின் நடுவில் வைத்திருந்தார். நகர மக்கள் அதைத் தமதாக ஏற்றனர். நாடும் அதைக் காலத்தின் பதிவாகக் கண்டது.

1986இல் தொடங்கிய 'பிரெட்' இதற்கு மாறான வரவேற்பைப் பெற்றது. அதை எழுதிய கார்லா லேனும் லிவர்ப்பூல்காரரே. முன்னதாக, அந்நகரின் இரண்டு இளம்பெண்களைப் பற்றிய 'தி லிவர் பேர்ட்ஸ்' தொடரால் புகழ்பெற்றிருந்தார். 'பிரெட்', அரசு உதவித்தொகையையும் சின்னச் சின்னத் தந்திரங்களையும் நம்பிக் காலம் தள்ளும் பாஸ்வெல் குடும்பத்தின் கதை. 1988இல் அதன் பார்வையாளர் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. ஆயினும் லிவர்ப்பூலில் பலர் அதை வெறுத்தனர். உதவித்தொகை வாங்குவோர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அரசியல் மேடைகளில் பேசப்பட்ட காலத்தில், தம் நகரத்துக் குடும்பத்தை அப்படிக் காட்டியது பழிக்குத் துணைபோவதாகும் என்று அவர்கள் கருதினர்.

எழுத்தாளர் உள்ளூரைச் சேர்ந்தவர் என்பது மட்டும் போதாது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது. ஒரு நகரத்தைப் பற்றி வெளியில் ஏற்கெனவே நிலவும் எண்ணத்தை நகைச்சுவை உறுதிப்படுத்துகிறதா, கேள்விக்குள்ளாக்குகிறதா என்பதைப் பொறுத்து உள்ளூரின் சிரிப்பும் வெளியூரின் சிரிப்பும் பிரிகின்றன.

யார்க்சயரின் மலையும் லண்டனின் சந்தையும்

ராய் கிளார்க் எழுதிய 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' 1973 முதல் 2010 வரை 295 பகுதிகளாக ஒளிபரப்பாகி, உலகிலேயே நீண்ட காலம் ஓடிய சூழ்நிலை நகைச்சுவைத் தொடர் என்ற பெயரைப் பெற்றது. யார்க்சயரின் ஹோம்ஃபர்த் என்ற சிற்றூரிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் முதியவர்கள் மூவர் சிறுவர்களைப் போல அலைவதே கதை. நகரவாசிகளுக்கு இது ஓய்வான நாட்டுப்புறக் கனவாக அமைந்தது. ஹோம்ஃபர்த்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர். தொடரில் வரும் தேநீர்க் கடை உண்மையிலேயே கடையாக நடத்தப்பட்டது. ஆலைத்தொழில் நலிந்த பள்ளத்தாக்குக்கு இது புது வருவாய் ஆயிற்று.

லண்டனும் ஒரு வட்டாரமே என்பதை ஜான் சலிவன் எழுதிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' நினைவூட்டுகிறது. 1981இல் தொடங்கிய இத்தொடர் தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் தெருவோரச் சரக்கு விற்கும் டிராட்டர் சகோதரர்களைப் பற்றியது. முதல் தொடருக்குப் பெரிய கூட்டம் இல்லை. மறுஒளிபரப்புகளே அதை வளர்த்தன. 1996 டிசம்பர் 29 அன்று, பல ஆண்டுகள் முயன்று தோற்ற சகோதரர்கள் கோடீசுவரர்களாகும் பகுதியை 2.43 கோடிப் பேர் பார்த்தனர். பிரித்தானியச் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. 1980களின் இறுதியிலிருந்து இதன் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி பெக்கத்தில் அன்றி, சுமார் 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரிஸ்டலில் படமாக்கப்பட்டது. பார்வையாளர்கள் அதைப் பெக்கமாகவே ஏற்றனர். பேச்சும், குடும்பப் பாசமும், 'அடுத்த வருஷம் பணக்காரராகிவிடுவோம்' என்ற ஓயாத நம்பிக்கையும் இடத்தை உண்டாக்கப் போதுமானவையாக இருந்தன. யூகோஸ்லாவியாவிலும் இத்தொடர் பெரும் புகழ் பெற்றது.

கிளாஸ்கோவின் இரண்டு முகங்கள்

ஸ்காட்லாந்தில் இயன் பாட்டிசன் எழுதிய 'ராப் சி. நெஸ்பிட்' 1990இல் பிபிசி 2 வழியாகத் தொடராக நாடு முழுவதும் ஒளிபரப்பானது. கிளாஸ்கோவின் கோவன் பகுதியைச் சேர்ந்த, குடிகாரனும் வேலையற்றவனுமான ஒரு தெருத் தத்துவஞானியாக கிரெகர் ஃபிஷர் நடித்தார். அதே 1990இல் கிளாஸ்கோ ஐரோப்பாவின் பண்பாட்டு நகரமாக அறிவிக்கப்பட்டிருந்தது. நகரம் புது முகத்தை உலகுக்குக் காட்ட முயன்ற வேளையில், பழைய முகத்தைத் திரையில் காட்டியது நெஸ்பிட். சிலருக்கு இது தலைக்குனிவாகத் தோன்றியது. பலருக்கோ, விழா வெளிச்சம் படாத தெருவின் குரலாகத் தோன்றியது. நெஸ்பிட் நேரே கேமராவைப் பார்த்துப் பேசுவான். தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களையே கேள்வி கேட்பான். இங்கிலாந்தில் பலருக்கு அவன் பேச்சு எளிதில் பிடிபடவில்லை. அதை மென்மையாக்காமலே தொடர் பல ஆண்டுகள் நீடித்தது.

2002இல் தொடங்கிய 'ஸ்டில் கேம்' கிளாஸ்கோவின் கற்பனைக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஓய்வூதியர்கள் இருவரின் நட்பைச் சொன்னது. முதலில் ஸ்காட்லாந்தில் மட்டும் ஒளிபரப்பான இது, பின்னரே பிரித்தானியா முழுவதும் காட்டப்பட்டது. 2014இல் கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கில் இதன் மேடை வடிவம் 21 காட்சிகள் நடந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

இன்னொரு ஸ்காட்லாந்து நிகழ்ச்சியான 'பர்னிஸ்டன்' 2010இல் ஒளிபரப்பிய குறுங்காட்சி இணையத்தில் உலகம் சுற்றியது. பொத்தான்கள் இல்லாத, குரல் கேட்டு இயங்கும் மின்தூக்கியில் இரு ஸ்காட்டியர்கள் ஏறுகின்றனர். 'பதினொன்று' என்று எத்தனை முறை சொன்னாலும் எந்திரத்துக்கு அவர்கள் உச்சரிப்பு விளங்கவில்லை. அவர்கள் அமெரிக்கரைப் போலவும் ஆங்கிலேயரைப் போலவும் பேசிப் பார்த்துத் தோற்கின்றனர். தம் பேச்சை ஏற்காத எந்திரத்தோடு போராடிய எவருக்கும் இக்காட்சி புரிந்தது. இங்கே கேலிக்குள்ளாவது உச்சரிப்பன்று. அதைக் கேட்கத் தெரியாத கருவி.

வேல்சின் வடக்கும் தெற்கும்

வெளியார் ஒன்றாகக் காணும் வட்டாரத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. பிபிசி வேல்ஸ் 1970களில் வேல்ஸ் மொழியில் ஒளிபரப்பிய 'வோ ஆ வே' தொடரின் பெயரே இதற்குச் சான்று. 'அவன்' என்பதை வேல்சின் வடபகுதியினர் 'வோ' என்றும் தென்பகுதியினர் 'வே' என்றும் சொல்வர். பிள்ளைகளின் திருமணத்தால் உறவினராகிவிட்ட இரண்டு தந்தையரின் சச்சரவே கதை. ஒருவர் குடியை விரும்பும் தெற்கத்திச் சுரங்கத் தொழிலாளி. மற்றவர் குடியைத் தொடாத வடக்கத்திப் பக்திமான். வேல்ஸ் மொழி பேசுவோர் தமக்குள் இருந்த வேறுபாட்டைத் தம் மொழியிலேயே சிரித்துக்கொள்ள இத்தொடர் இடமளித்தது. 1982இல் எஸ்4சி என்ற வேல்ஸ் மொழி அலைவரிசை தொடங்கிய பின் இத்தகைய தொடர்களுக்கு நிலையான இடம் கிடைத்தது.

ரூத் ஜோன்சும் ஜேம்ஸ் கார்டனும் ஆங்கிலத்தில் எழுதிய 'கேவின் அண்ட் ஸ்டேசி' 2007இல் பிபிசி 3 என்ற சிறிய அலைவரிசையில் தொடங்கியது. தெற்கு வேல்சின் பேரி நகரப் பெண்ணும் இங்கிலாந்தின் எசெக்ஸ் இளைஞனும் மணம் செய்துகொள்வதால் இரு குடும்பங்கள் நெருங்குகின்றன. இரு பக்கமும் தம் வீட்டு வழக்கமே இயல்பு என்று நம்புகிறது. இரு பக்கமும் மற்றதற்கு விசித்திரமாகத் தெரிகிறது. எந்த ஊரும் நடுவராக வைக்கப்படவில்லை. 2024 கிறிஸ்துமஸ் நாளில் வெளியான இறுதிப் பகுதியை அன்றிரவே 1.23 கோடிப் பேர் பார்த்தனர்.

டெரியின் கரும்பலகை

லிசா மெகீ எழுதிய 'டெரி கேர்ல்ஸ்' 2018 முதல் 2022 வரை சேனல் 4இல் ஒளிபரப்பானது. 1990களின் வட அயர்லாந்தில், படையினரின் சோதனைச் சாவடிகளுக்கும் குண்டு மிரட்டல்களுக்கும் நடுவே பள்ளிப் பெண்கள் சிலர் தங்கள் சின்னக் கவலைகளோடு வாழ்வதை அது சொல்கிறது. அவர்களுடன் படிக்கும் இங்கிலாந்துச் சிறுவன் ஒருவன் எதையும் புரிந்துகொள்ளாமல் விழிக்கிறான். வெளியூர்ப் பார்வையாளரின் இடம் அவனுடையது. ஆனால் கதை அவன் கண்ணால் சொல்லப்படவில்லை. அவனே அங்கே வேடிக்கைப் பொருள்.

வட அயர்லாந்தில், 2002இல் பார்வையாளர் பதிவுகள் தொடங்கியதிலிருந்து மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட தொடராக இது அறிவிக்கப்பட்டது. செய்திகளில் குண்டுவெடிப்பின் பெயராக மட்டும் அறியப்பட்ட நகரம், சாதாரண வீடுகளும் சண்டைக்கார அம்மாக்களும் உள்ள நகரமாகத் திரையில் தோன்றியதை மக்கள் வரவேற்றனர். அரசியல் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற டெரியில் இத்தொடரின் பாத்திரங்களும் ஒரு சுவரில் தீட்டப்பட்டனர். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர்கள் தமக்குள் உள்ள வேறுபாடுகளை அடுக்கி எழுதும் காட்சியில் பயன்பட்ட கரும்பலகை, பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒற்றுமைகளை எழுத வைத்திருந்த பலகை ஏறத்தாழ வெறுமையாகவே இருப்பதுதான் அக்காட்சியின் நகைச்சுவை.

நிறுவன மாற்றங்களும் இன்றைய நிலையும்

வட்டாரத் தொடர்களுக்கு நாற்றங்காலாக இருந்த உரிம முறை காலப்போக்கில் தளர்ந்தது. 1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டப்படி உரிமங்கள் ஏலமுறையில் வழங்கப்பட்டன. தொடர்ந்து நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கின. 2004இல் கிரனாடாவும் கார்ல்டனும் இணைந்து ஐடிவி ஒரே பெருநிறுவனமாயிற்று. 2016இல் வட அயர்லாந்தின் நிறுவனமும் அதன் கைக்கு வந்தபின், ஸ்காட்லாந்தின் பெரும்பகுதி மட்டுமே வெளியே எஞ்சியது. மறுபுறம் பிபிசி 2011இல் தன் துறைகள் சிலவற்றை சால்ஃபர்டுக்கு மாற்றியது. 2019இல் ஸ்காட்லாந்துக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியது.

மேற்கண்ட தொடர்களை ஒருசேர நோக்கினால் சில பொதுக் கூறுகள் புலனாகின்றன. சொந்த ஊரில் எழும் சிரிப்பு, 'இது நம் வீடு' என்று அடையாளம் காண்பதால் பிறப்பது. வெளியூரில் எழும் சிரிப்பு, பேச்சு புதிதானாலும் பாத்திரத்தின் நிலை பழக்கமானதாக இருப்பதால் பிறப்பது. வேலையிழப்பு, முதுமை, சம்பந்தி வீட்டுச் சண்டை ஆகியவை எல்லா ஊரிலும் உள்ளவை. வட்டார நிறத்தைக் குறைத்த தொடர்களே பரவும் என்ற எண்ணத்தை நெஸ்பிட்டும் டெரியின் பெண்களும் பொய்யாக்கினர். ஓர் ஊரின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், அந்தப் பேச்சில் சொல்லப்படுவதைக் கேட்டுச் சிரிப்பதும் ஒன்றல்ல. வில்ஃபிரட் பிக்கிள்சின் உச்சரிப்பில் செய்தியைக் கேட்கத் தயங்கிய நாடு, இந்த வேறுபாட்டை உணர்ந்ததில் வட்டார நகைச்சுவைத் தொடர்களுக்குப் பங்குண்டு.